கடைக்கு இணையவழித் தொலைபேசி: எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று. ஒரு நாள் மதியம் அங்கே உட்கார்ந்திருந்தபோது மேசை மேலிருந்த பழைய லேண்ட்லைன் ஒலித்தது. கடைக்காரர் எடுத்தார். ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பேசினார். "ஏனுங்க, மோட்டாரு மேல அலுமினியத் தகட்டுல இந்த நம்பர்தானுங்க இருக்குது. எங்கப்பா காலத்துல உங்ககிட்டத்தான் காயில் கட்டுனாங்களாமா. இப்ப ஓட மாட்டேங்குதுங்க" என்றார். தகட்டில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டுப் படித்தேன் என்றும் சொன்னார். அந்தத் தகட்டை ரிவெட் வைத்து அடித்துப் பதினான்கு வருடம் ஆகிவிட்டதாம்.

நான் அன்று அங்கே போயிருந்தது, அந்த லேண்ட்லைனை எடுத்துவிட்டு இணையவழித் தொலைபேசி போடலாமா என்று பார்ப்பதற்காக. இன்டர்காம், ஈபிஏபிஎக்ஸ் என்ற அலுவலக எக்ஸ்சேஞ்ச் மாட்டுவதில் தொடங்கி இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி "மாசம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கடைசியில் கேட்கலாம். முதல் கேள்வி, உங்கள் எண் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்பது. பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், துணிப்பையில், கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார் மேல் இருக்கிற அந்த எண்ணைத் தேடித்தான் வாடிக்கையாளர் வருகிறார். கருவி பழுதானால் வேறு வாங்கலாம். எண் கைவிட்டுப் போனால் திரும்பி வராது. இந்த இயல் முழுக்க அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மூன்றும் ஒன்றல்ல

இணையவழித் தொலைபேசி என்ற பேரில் விற்கப்படுவது உண்மையில் மூன்று வேறுவேறு சரக்கு. விற்க வருகிறவர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை.

முதலாவது, ஃபைபர் இணைப்போடு சேர்ந்து வரும் லேண்ட்லைன். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ எல்லாரும் தருகிறார்கள். சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். லேன் வயர் செருகும் துளைகளுக்குப் பக்கத்தில் அதைவிடச் சற்றுச் சிறிய துளை ஒன்று இருக்கும். உங்கள் பழைய டெலிபோன் வயரை அதில் செருகினால் டயல் டோன் வந்துவிடும். பேச்சு தரவுப் பொட்டலங்களாகத்தான் ஃபைபரில் போகிறது, பேசுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கவுன்டர், ஒரு போன் என்று இருக்கும் மளிகைக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ இது போதும். அதற்கு மேல் யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது எஸ்ஐபி. இணையத்தில் ஓர் அழைப்பை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதற்கான பொது விதிமுறை இது. இன்றைய வடிவம் 2002-இல் வந்தது. பொது விதி என்பதால் ஒரு நிறுவனத்தின் போனை இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சோடு இணைக்கலாம். மேசைக்கு மேசை ஐபி போன், நடுவில் எக்ஸ்சேஞ்சாக ஐபி பிபிஎக்ஸ் பெட்டி, வெளியுலகத்துக்கு எஸ்ஐபி ட்ரங்க் என்ற ஒரே இணைப்பு. அந்த ஒரு இணைப்பில் ஐந்து பேரும் பேசலாம், ஐம்பது பேரும் பேசலாம், நீங்கள் எடுக்கும் சேனல்களைப் பொறுத்தது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள்தான் இத்தகைய பல பெட்டிகளுக்கு அடிப்படை. தங்கும் விடுதி, மருத்துவமனை, பத்து மேசைக்கு மேல் உள்ள அலுவலகம் இவற்றுக்கு ஏற்றது.

மூன்றாவது கிளவுட் எண். எக்ஸோடெல், ஓசோன்டெல், மைஆப்பரேட்டர் போன்ற நிறுவனங்கள் தருவது. வாடிக்கையாளர் ஓர் எண்ணைக் கூப்பிடுகிறார். அழைப்பு அவர்களுடைய சர்வருக்குப் போய், "விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்" என்று பேசி, பிறகு உங்கள் ஆட்களில் ஒருவரின் செல்லுக்கு வருகிறது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஆப் வழியாகப் பேசாமல் செல் எண்ணுக்கே அழைப்பை வாங்கினால், அது சாதாரண செல் அழைப்பாகத்தான் வந்து சேரும். உங்கள் கடையின் நெட் அதில் சம்பந்தப்படவே இல்லை. நெட் மோசமான இடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கட்டணம் இரண்டு பக்கமும் ஓடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

"எங்ககிட்ட வாட்ஸாப் கால் இருக்குதே, அது பத்தாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தெரிந்த வாடிக்கையாளரோடு பேச, படம் அனுப்ப அது அருமையான வசதி. ஆனால் பட்டன் போன் வைத்திருப்பவர் அதில் உங்களைப் பிடிக்க முடியாது. பொதுத் தொலைபேசி வலையமைப்போடு அது இணைந்ததல்ல. கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஒரு வாரம், ஒரு நோட்டு

எதையும் வாங்கும் முன் ஒரு கட்டம் போட்ட நோட்டை போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், புது ஆளா பழைய ஆளா, என்ன கேட்டார், யார் எடுத்தார்கள், முடிந்ததா அல்லது வேறு யாருக்காவது மாற்ற வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள். எடுக்க முடியாமல் போனதையும் எழுதுங்கள். திங்கள் முதல் சனி வரை எழுதினால் போதும்.

அந்தக் கணபதிக் கடையில் கடைக்காரரின் மனைவிதான் கணக்கும் போனும் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், பக்கம் பக்கமாகக் குண்டு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். புரட்டப் புரட்ட ஒன்று தெரிந்தது. நாள் முழுக்க அழைப்பு சீராக வரவில்லை. தோட்டங்களுக்கு மூன்று பேஸ் மின்சாரம் விட்ட கொஞ்ச நேரத்தில் குவிந்துவிடுகிறது. ஸ்விட்சைப் போட்டு, மோட்டார் உறுமிவிட்டு நின்றதும் போனை எடுக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தில் லைன் பிஸி. மற்ற நேரம் போன் சும்மா கிடக்கிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பத்து லைன் அல்ல, பெரிய எக்ஸ்சேஞ்சும் அல்ல. ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிட்டால் மூவருக்கும் ரிங் போக வேண்டும், மூன்றாவது ஆளை யாரும் எடுக்காவிட்டால் அவர் எண் பதிவாகி, திரும்பக் கூப்பிட ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த விலைப்புள்ளி எட்டு மேசைக்கான எஸ்ஐபி அமைப்புக்கு! அந்தக் கடையில் இருப்பது இரண்டு மேசை.

விற்க வருகிறவர் "எத்தனை யூசர்?" என்று கேட்பார். நீங்கள் ஆட்களை எண்ணாமல், ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு நடக்கிறது என்பதை எண்ணுங்கள். இரண்டும் வேறு.

நெட் தாங்குமா

கிளவுட் எண்ணைச் செல்லில் மட்டும் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஐபி போனோ ஆப்போ வைத்துப் பேசப் போகிறவர்கள் நிதானமாகப் படியுங்கள். "லைன் சரியில்லைங்க" என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை தொலைபேசிச் சேவையின் குறையாக இருப்பதில்லை. கடைக்குள்ளேயே இருக்கும் குறைதான்.

வேகம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஜி.711 என்ற நல்ல தரமான முறையில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கிலோபிட் வேண்டும். ஜி.729 என்ற சுருக்கு முறையில் முப்பது சொச்சம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். நூறு மெகாபிட் இணைப்பு வைத்துக்கொண்டு பேச்சு வெட்டுகிறது என்றால் காரணம் வேகமல்ல, சீரின்மை.

பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறார்கள். அவை ஒரே இடைவெளியில் வந்து சேர வேண்டும். ஆழ்குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் காற்று இழுத்தால் என்ன ஆகிறது? தண்ணீர் வருகிறது, ஆனால் குபுக், குபுக் என்று துப்பித் துப்பி வருகிறது. தொட்டி எப்படியும் நிறைந்துவிடும், வாய் வைத்துக் குடிக்க முடியாது. கோப்பு இறக்குவதும் படம் பார்ப்பதும் தொட்டி நிறைப்பது போல. பேச்சு, வாய் வைத்துக் குடிப்பது போல. தொழில்காரர்கள் இதை ஜிட்டர் என்கிறார்கள்.

சோதிக்க வழி உண்டு. கணினி தெரிந்த தம்பி யாரையாவது கூப்பிட்டு, லேன் வயர் செருகிய கணினியிலிருந்து 'பிங்' போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முன்னூறு முறையாவது ஓடட்டும். கடை மும்முரமாக இருக்கும் முற்பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மிகக் குறைந்த நேரத்துக்கும் மிக அதிக நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், எத்தனை பொட்டலம் தொலைந்தது என்று பாருங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொலைந்தால் பேச்சில் தெரியத் தொடங்கும். ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

சோதனையில் குறை தெரிந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் சிசிடிவி. கேமராக்கள் படத்தை இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தால் வெளியே போகும் பாதை அடைபடும், நீங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்காது, அவர் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கும். அடுத்தது வைஃபை. பட்டறையில் இரும்பு அலமாரியும் தகர ஷெட்டும் வைஃபையைத் தின்றுவிடும், பேசும் கருவிக்கு லேன் வயர்தான் போட வேண்டும். மூன்றாவது ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்றொரு அமைப்பு. உதவி செய்வதற்காக வைத்தது, பெரும்பாலும் உபத்திரவம்தான் செய்கிறது. ரிங் போகும், எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும், அல்லது கொஞ்ச நேரத்தில் தானாகக் கட்டாகும். அதை அணைத்துப் பாருங்கள். இந்த ஒன்றை அணைத்ததிலேயே தீர்ந்துபோன புகார்கள் எத்தனையோ.

கரண்ட் போனால்

பழைய செம்பு வயர் லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வயர் வழியாக வந்தது. ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். அந்தப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஃபைபரில் மின்சாரம் வராது. உங்கள் பெட்டி அணைந்தால் போனும் போயிற்று.

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவது எல்லாருக்கும் தெரியும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினிக்கு யூபிஎஸ் போட்டுவிட்டு, மூலையில் இருக்கும் ஃபைபர் பெட்டியை மட்டும் நேர் பிளக்கில் விட்டுவைத்திருப்பார்கள். 12 வோல்ட் பெட்டிகளுக்கென்றே கைக்கடக்கமான சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தால் அதிலேயே ஒரு பிளக் பாயின்ட் இழுத்துவிடலாம்.

அப்படியும் தெருமுனையில் உள்ள பெட்டியில் மின்சாரம் இல்லாமல் போகலாம், பள்ளம் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிடலாம். ஆகவே நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: என் நெட் செத்துப் போயிருக்கும்போது வரும் அழைப்பு எங்கே போகும்? "நீங்கள் சொல்லும் செல் எண்ணுக்கு, எங்கள் சர்வரிலிருந்தே தானாகத் திரும்பிவிடும்" என்பதுதான் சரியான பதில். "ஸ்விட்ச்டு ஆஃப் என்று வரும்" என்றால் அந்தச் சேவை வேண்டாம். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

எண் யார் பெயரில்

செல்பேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் எண் மாறாது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இங்கே இல்லை. 0422 என்று தொடங்கும் உங்கள் எண் எந்த நிறுவனத்தினுடையதோ அங்கேயே இருக்கும். புது நிறுவனத்துக்குப் போனால் புது எண்தான். கிளவுட் எண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது நிறுவனம் மொத்தமாக வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடும் எண்ணாக இருக்கலாம். சந்தா கட்டாமல் விட்டால், அல்லது அந்த நிறுவனமே கடையைச் சாத்தினால், எண் போய்விடும். 2003-இல் தொடங்கி உலகமே பயன்படுத்திய ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு நானே முன்னின்று ஒரு கிளவுட் எண் வாங்கிக் கொடுத்தேன். அட்டைப்பெட்டி, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்த எண்ணை அச்சடித்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து அந்த நிறுவனம் கட்டண முறையை மாற்றியது, இவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, வெளியே வர நினைத்தார்கள். எண்ணைக் கொண்டுபோக வழியே இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அது எழுதியும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அவர்களுடைய அட்டைப்பெட்டிகள் அப்போது எத்தனை குடோன்களில் இருந்தனவோ! அதற்குப் பிறகு எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது, சேவை முடிந்தால் எண் என்னவாகும் என்ற பகுதியைத்தான்.

என் யோசனை இது. நீண்ட நாள் நிற்கும் பொருளில் அச்சடிக்கும் எண், கொண்டுபோகக்கூடிய செல் எண்ணாக இருக்கட்டும். அந்த சிம் முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். மேனேஜர் பெயரிலும் வேண்டாம், போன் மாட்ட வந்த என்னைப் போன்றவர்கள் பெயரிலும் வேண்டாம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பைக் கால் ஃபார்வர்டிங் மூலம் கிளவுட் எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். நாளைக்குச் சேவையை மாற்றினால் திருப்பும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும், கிணற்றுத் தகட்டில் இருக்கும் எண் அப்படியே வேலை செய்யும். திருப்பிவிடும் அழைப்புக்கு உங்கள் திட்டத்தில் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தவறாமல் போட வேண்டும், பயன்படுத்தாத எண் ரத்தாகி வேறு ஒருவருக்குப் போய்விடும்.

ஏற்கெனவே லேண்ட்லைன் எண்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்றால் அதைத் துண்டிக்காதீர்கள். பிஎஸ்என்எல் செம்பு வயரிலிருந்து அதே பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணையே தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கணபதிக் கடைக்கு அப்படித்தான் செய்தோம்.

எஸ்ஐபி எடுப்பவர்களுக்கு இன்னொன்று. உங்களுக்குத் தரும் நிலையான எண்ணைப் பதிவான முகவரியில் மட்டும்தான் பயன்படுத்தலாமா, கிளையிலும் வீட்டிலும் கூடப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுதி வாங்குங்கள். விற்பவர் வாயால் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வரவேற்புக் குரல்

எல்லாரும் கடைசியாக, அவசர அவசரமாகச் செய்வது இந்த வேலை. ஆனால் வாடிக்கையாளர் காதில் முதலில் விழுவது இதுதான். நிறுவனம் தரும் ஆங்கிலப் பெண்குரலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரியவர் ஒருவர் போன் செய்கிறார், காதில் ஆங்கிலம் விழுகிறது, "ராங் நம்பர் போல" என்று வைத்துவிடுகிறார். ஓர் அழைப்பு போயிற்று.

தமிழில், உங்கள் ஊர்ப் பேச்சில், கடையில் வழக்கமாகப் போன் எடுப்பவரின் குரலிலேயே பதியுங்கள். அந்தக் கடைக்காரரின் மனைவி முதலில் எழுதி வைத்துப் படித்தார். செய்தி வாசிப்பது போல இருந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் நீங்கதானுங்க எடுக்கப் போறீங்க, அது மாதிரியே பேசுங்க" என்றேன். "வணக்கமுங்க. மோட்டாரு ரிப்பேருக்கு ஒண்ண அமுத்துங்க. கொடுத்த மோட்டாரு ரெடியான்னு கேக்க ரெண்ட அமுத்துங்க. ஒண்ணும் அமுத்தாட்டியும் பரவாயில்லைங்க, லைன்லயே இருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். அதையே வைத்துக்கொண்டோம். கடைசி வாக்கியம் முக்கியம். எதையும் அழுத்தாமல் காத்திருப்பவரைச் சில நொடிகளில் ஓர் ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பலர் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணை அழுத்திப் பழகாதவர்கள்.

இரண்டு தெரிவுக்கு மேல் சின்னக் கடைக்கு வேண்டாம். மோட்டார் ரெடியா என்று கேட்பவர்களைத் தனியாகப் பிரித்ததிலேயே, புது வேலையோடு கூப்பிடுகிறவர்களுக்கு லைன் கிடைத்துவிட்டது. எந்த இரண்டு தெரிவு என்பதை நோட்டுதான் சொல்லும்.

பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் அதையும் அந்த வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவலைக் கையாள்வதற்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், தெரியாமல் பதிவு செய்வது மரியாதையும் அல்ல.

சட்டத்தில் நிற்கும் இடம்

நம் நாட்டில் 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தபோது கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம் என்றுதான் இருந்தது. உள்நாட்டுத் தொலைபேசியைக் கூப்பிட முடியாது. 2018-இல் உரிம விதிகளைத் திருத்திய பிறகே உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதைத் தர முடிந்தது. அதே ஆண்டு பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. ஆகவே எந்த நிறுவனம் வந்தாலும் தொலைத்தொடர்புத் துறையின் எந்த உரிமத்தின் கீழ் தருகிறீர்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர் உரிமத்தின் நகலையே காட்டுவார்.

இதில் ஓர் ஆபத்து நேராகச் சின்னக் கடைக்காரர்களைத் தேடி வருகிறது. "உங்க கடையில ஒரு பெட்டி வெச்சுக்கறோம், கரண்டும் நெட்டும் மட்டும் குடுங்க, மாசம் வாடகை தர்றோம்" என்று ஒருவர் வருவார். பெட்டிக்குள் வரிசையாக சிம் கார்டுகள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் எண்ணிலிருந்து வந்தது போல மாற்றிவிடும் சிம் பாக்ஸ் அது. மோசடிக் கும்பல்கள் பயன்படுத்துவதும் இதைத்தான். சென்னை உட்படப் பல ஊர்களில் போலீசார் பிடித்திருக்கிறார்கள். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டி அவருடையது, இடம் உங்களுடையது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புதிய சேவை வந்ததும் பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் விளம்பர அழைப்பு விடலாம் என்ற ஆசை வரும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அதைச் செய்யாதீர்கள். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் வரிசை தனியாக இருக்கிறது, முறைப்படி பதிவு செய்துகொண்டுதான் பேச வேண்டும். யாராவது 1909-இல் புகார் கொடுத்தால் உங்கள் எண்ணே துண்டிக்கப்படலாம். எந்த எண்ணைக் காப்பாற்ற இவ்வளவும் செய்கிறோமோ அதுவே போய்விடும்.

எஸ்ஐபி பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் திருட்டு பயமும் உண்டு. எக்ஸ்டென்ஷன் எண் 101, கடவுச்சொல்லும் 101 என்று விட்டுவைத்தால், எங்கோ உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று அதைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை இரவு முழுக்க வெளிநாட்டு உயர்கட்டண எண்களுக்கு உங்கள் கணக்கில் பேசித் தள்ளும். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது பில் ஏறியிருக்கும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையென்றால் நிறுவனத்திடம் சொல்லி ஐஎஸ்டியை அவர்கள் பக்கத்திலேயே பூட்டிவிடுங்கள். தேவையென்றால் குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் திறந்து, தினசரி உச்சவரம்பு வையுங்கள். மாட்டிக் கொடுத்தவர் போனதும் எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நான் மாட்டிக் கொடுத்தாலும் அப்படித்தான்.

விலைப்புள்ளியைப் படிப்பது

இப்போது மாசம் எவ்வளவு ஆகும் என்று கேட்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள ஆடிட்டரிடம் கேளுங்கள். கிளவுட் எண்ணில் வாடிக்கையாளர் பக்கம் ஒன்று, உங்கள் ஆள் பக்கம் ஒன்று என இரண்டு கால்கள் உண்டு. நிமிடக் கட்டணம் ஒரு காலுக்கா இரண்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். 1800 எண் எடுத்தால் கூப்பிடுகிறவரின் செலவும் உங்களுடையது. பல்ஸ் எத்தனை நொடி என்பதும் முக்கியம். 60 நொடிப் பல்ஸில் 65 நொடி பேசினால் இரண்டு நிமிடக் காசு. உங்கள் நோட்டில் பெரும்பாலான பேச்சு "ரெடியாயிருச்சுங்க, வாங்க" என்று முடிகிறதென்றால், பல்ஸ்தான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கும்.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுங்கள். தள்ளுபடி பிறகும் கிடைக்கும்.

நன்றாக இருக்கும் பழைய டெலிபோன்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஏடிஏ என்ற சின்னக் கருவி அவற்றை எஸ்ஐபி சேவையோடு இணைத்துவிடும். பழைய ஈபிஏபிஎக்ஸையும் கேட்வே என்ற இணைப்புக் கருவி வைத்துப் பல இடங்களில் தொடரலாம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

மாற்றும் நாள்

சீசனில் மாற்றாதீர்கள். மோட்டார் கடைக்குக் கோடையிலும், பட்டாசுக் கடைக்கு தீபாவளிக்கு முந்திய மாதங்களிலும், ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியிலும் கை வைக்கக் கூடாது. வேலை குறைந்த வாரத்தின் செவ்வாயோ புதனோ தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை மாற்றினால் கோளாறு தெரிவது சனிக்கிழமை, ஆள் வருவது திங்கட்கிழமை.

சோதனை முழுவதையும் கடை ஓடும்போதே செய்யுங்கள். பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓடும்போது எதிராளிக்கு என்ன கேட்கிறது? ஏர்டெல், ஜியோ, விஐ, பிஎஸ்என்எல் நான்கிலிருந்தும் ஒவ்வொரு முறை கூப்பிடுங்கள். சிக்னல் குறைந்த கிராமத்தில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிட்டு, செல்லுக்குத் திரும்புகிறதா பாருங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் இவற்றுக்கு இந்தப் போனை நம்ப வேண்டாம், 108-க்கும் 112-க்கும் கையிலுள்ள செல்லிலிருந்தே கூப்பிடச் சொல்லி வேலையாட்களிடம் சொல்லிவையுங்கள். சேவை நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், நட்சத்திரக் குறி போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள் என்று யாராவது சொன்னால் அழுத்தக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி அது.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஒரு தாளை எடுத்து, எந்த எண் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் சந்தா முடிகிறது, எந்த சிம்முக்கு எப்போது ரீசார்ஜ், கோளாறு என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த வயர் எந்தத் துளையில் என்று கையால் எழுதி, பீரோக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல் தனியாகப் பூட்டிவையுங்கள். கணபதிக் கடையில் அந்தத் தாளைக் கடைக்காரரின் மனைவி எழுதினார். கீழே, நான் சொல்லாமலே, பழைய லேண்ட்லைன் எண்ணைப் பெரிதாக எழுதி, "இதை என்னைக்கும் கட் பண்ணக் கூடாது" என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.